வாசல் கம்பங்களுக்கு நடுவே

மங்கையர்க்கரசி முதன்முதலில் மயங்கி விழுந்தது போவன்பள்ளி காய்கறிச் சந்தையில். 2004ஆம் வருடம், மழை பிடிக்கிற சமயம். தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். கடைக்காரர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எதிரே ஆள் இல்லை என்பதை அவர் கவனிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அப்போது மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தொரு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகவேண்டிய மின்துடிப்பு வழியிலேயே நின்றுவிடுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிமிடத்துக்கு இருபத்தெட்டு துடிப்புதான் இருந்தது. இரண்டே நாளில் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேஸ்மேக்கர் ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள்.

திருமுல்கேரி லால்பஜாரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கணவர் லட்சுமணன் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். ஒரே மகள் சாஹித்யா. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே லட்சுமணன் எல்லாவற்றையும் இடம் மாற்றினார். மின்சாரத்தோடே பிழைத்த மனிதர், அதனாலேயே அதற்கு அதிகம் பயந்தார். ரேடியோவின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது என்று அதை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினார். மிக்சி ஓடும்போது ஒரு கை தூரம் தள்ளி நிற்கச் சொன்னார். மங்கையர்க்கரசிக்குச் சின்ன பர்ஸை ரவிக்கைக்குள் இடதுபக்கம் செருகும் பழக்கம் உண்டு. செல்போன் வாங்கியபோது அதையும் அங்கேயே செருகினார். டாக்டர் அதை மட்டும் கண்டிப்பாக மறுத்துவிட்டார். போன் வலது காதில்தான், வைத்தால் கைப்பையில்தான். சாஹித்யா அம்மாவைக் கட்டிக்கொள்ள வரும்போது கையிலிருக்கும் போனை முதலில் மேஜைமேல் வைப்பாள். அந்த ஒரு விநாடித் தயக்கம் மங்கையர்க்கரசிக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பிடிக்காத ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பர் மாதக் காலையில் குளித்துவிட்டு வந்து தொட்டால், உடம்பெல்லாம் சூடாக இருக்கும். அந்த ஒரு இடம் மட்டும் சில்லென்று இருக்கும். தனக்குள் தானல்லாத ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். ஓடினாலும் படுத்தாலும் கோபப்பட்டாலும் அந்த ஆள் தன் கணக்கிலேயே எண்ணுவார்.

2007இல் லட்சுமணனின் தொழிற்சாலையில் ஆள் குறைத்ததில் அவர் வேலையும் போனது. சாஹித்யா அப்போதுதான் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள். ஐ.டி. சம்பளம் ஊரெல்லாம் புழங்கிய காலம். கார்கானா சாலையில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. அப்படித் திறந்த நான்கு மாடித் துணிக்கடை ஒன்றில் பெண்கள் வேலைக்கு வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். மங்கையர்க்கரசி போனார். சூப்பர்வைசர் வினய், முப்பது வயதுக்காரர், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாராம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே கழுத்தை ஒட்டி மூடுகிற மாதிரி நான்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்தது வாசல் வேலை. உள்ளே வருகிறவர்களின் பைகளை வாங்கி அடுக்கி டோக்கன் கொடுக்க வேண்டும். மேஜை, ஒரு ஸ்டூல், பின்னால் மரத்தட்டுகள். வாசலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு வெள்ளைக் கம்பங்கள், அதில் ஒன்று ஸ்டூலை ஒட்டி. பில் போடாத துணியை யாராவது எடுத்துக்கொண்டு போனால் அவை கத்தும். மற்ற நேரத்தில் சும்மா நிற்கும்.

முதல் நாள் பத்தரை மணிக்கு, ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பெண்மணியின் பையை வாங்கிக்கொண்டிருந்தார். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பாட்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. எதிரே நின்ற பெண்மணியின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஓரங்களிலிருந்து வெளிச்சம் சுருங்கிக்கொண்டு வந்தது. பையைத் தட்டில் வைக்க எழுந்து நான்கு அடி நடந்தார். நெஞ்சில் யாரோ கதவைத் தட்டின மாதிரி ஒரு இடி விழுந்தது. பாட்டு திரும்பி வந்தது.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரண்டு முறை.

இரண்டாம் மாடியில் துணி ஆல்டர் செய்யும் ஃபாத்திமா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத் துணை. வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஸ்டூலில்தானே உட்கார்கிறீர்கள் என்று கேட்டார். மங்கையர்க்கரசிக்கு முன் அந்த இடத்தில் இருந்த பெண் இரண்டு வாரம்கூட நிற்கவில்லையாம். உட்கார்ந்தால் யாரோ முதுகில் கை வைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள், சம்பளம் வாங்கக்கூடத் திரும்பி வரவில்லை. செக்யூரிட்டி வேணுகோபாலுக்கு வேறு கதை. பட்டாளம் கலைந்தபோது வயதான குதிரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டு அந்த மண்ணில்தான் புதைத்தார்கள் என்று அவருடைய தாத்தா சொல்லியிருக்கிறாராம். அஸ்திவாரம் தோண்டும்போது எலும்பு வந்ததாம். மாட்டு எலும்பு என்று சொல்லி மூடிவிட்டார்களாம்.

மங்கையர்க்கரசி பேய்க்குப் பயந்தவர் அல்ல. ஆனால் இன்னொரு பயம் இருந்தது: நெஞ்சிலிருக்கும் பெட்டி கெட்டுவிட்டதோ. விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார். டெக்னீஷியன் தினேஷ் அவர் தோளின்மேல் வட்டமான கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். பாட்டரி இன்னும் ஆறு வருடம் வரும், பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் புதிதாக ஏதாவது வாங்கினீர்களா, காந்தம் வைத்த பொருள் ஏதாவது, இண்டக்‌ஷன் அடுப்பு, என்று கேட்டார். இவர் இல்லை என்றார். கேள்வி வீட்டைப் பற்றி. பதிலும் வீட்டைப் பற்றித்தான். மேஜையும் டோக்கனும் மட்டுமே உள்ள ஒரு வேலையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியில் குறையில்லை என்றதும் பயம் போயிருக்க வேண்டும். கூடிவிட்டது. பெட்டி இல்லையென்றால் வேறு எது?

அந்த வாரம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, மேஜைக்கடியில், வலது கை விரலை இடது மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். நாடி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் சாய்ந்தார். நான்காவது வரவில்லை. விரலை மாற்றி வைத்தார். எதிரே ஒரு குழந்தை பலூனோடு போய்க்கொண்டிருந்தது. விரலின் கீழே தோல், நரம்பு, எல்லாம் இருந்தது. துடிப்பு மட்டும் இல்லை. “நான் கண்ணைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கேன், கையில ஒண்ணும் இல்ல,” என்றுதான் பிறகு என்னிடம் சொன்னார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. மேஜைமேல் தலை சாய்ந்தபோது உடம்பு முன்னால் நகர்ந்தது. உடனே அந்த இடி, மறுபடி ஒன்று, இரண்டு.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தார். சாஹித்யாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டார்.

உண்மை தெரிந்தது அடுத்த வருடம் ஏப்ரல் மாதம், வெயில் நேரத்தில். மதியம் பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள், விளக்கும் பில் கவுண்டரும் மட்டும் வேலை செய்தன. வாசல் பக்கத்து பிளக்குகளுக்கு லைன் இல்லை. கம்பங்கள் கத்தாது என்பதால், வெளியே போகிறவர்களின் பைகளை வேணுகோபாலே பிரித்துப் பார்த்தார். மூன்று மணி வரைக்கும் மங்கையர்க்கரசி அதே ஸ்டூலில், அதே கம்பத்தில் முதுகு படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். வியர்வைதான் வழிந்தது. நாடி ஒருமுறைகூடத் தப்பவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. கம்பத்தின் அடியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. உலகம் பக்கத்துத் தெருவுக்கு நகர ஆரம்பித்தது. அவர் எழுந்து தள்ளி நின்றார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். லட்சுமணனுக்கு விஷயம் உடனே பிடிபட்டது.

“அது சும்மா கம்பம்னு நெனச்சியா மங்கை? உள்ள கம்பிய காயிலா சுத்தி வெச்சிருப்பான். நாள் பூரா அலை வீசிட்டே இருக்கும். உன் பெட்டி அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, இதயம் தானே துடிக்குதுன்னு நெனச்சுக்கும். நாம தட்ட வேணாம்னு சும்மா இருந்துரும்.”

“அப்ப பேய் இல்லியா?”

“பேயா இருந்தா தேவல. கடையில சொல்லு, இல்லன்னா வேலைய விட்டுடு.”

“நக்கோங்க, வேணாம். சொன்னா வேலை போயிரும்.”

மறுநாள் மங்கையர்க்கரசி டாக்டரிடம் போனில் கேட்டார். லட்சுமணன் சொன்னது சரிதான். இவருக்கு வைத்திருப்பது பழைய மாதிரி ஒயர், வெளியிலிருந்து வரும் அலை அதில் சுலபமாக ஏறும் என்றார் டாக்டர். கம்பங்களுக்கு நடுவே நடந்து போனால் ஒன்றும் ஆகாது. நிற்கக் கூடாது, சாயக் கூடாது. கடையில் உடனே சொல்லிவிடச் சொன்னார். மங்கையர்க்கரசி சரி என்றார். ஆனால் வினயிடம் போய், ஏ.சி. காற்று நேராக அடித்துத் தலைவலி வருகிறது, மேஜையைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். வினய் தலையாட்டினார். மேஜை பன்னிரண்டு அடி நகர்ந்தது. ஸ்டூலை வேணுகோபால் தனக்கென்று அங்கேயே வைத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவரால் அந்தக் கம்பங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆயிரம் பேர் அவற்றின் நடுவே போகிறார்கள், சிரிக்கிறார்கள், அங்கேயே நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறார்கள். அவர்களுக்கு அங்கே வெறும் வாசல்தான். தனக்கு மட்டும் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஊரில் தன்னைப் போல எத்தனை பேர் என்று சில நாள் யோசிப்பார். பிறகு டோக்கனை எடுத்துக்கொள்வார்.

தசராவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நிற்க இடமில்லாத கூட்டம். மதியம் ஒரு மணி இருக்கும், வாசலில் ஒரு சலசலப்பு. மங்கையர்க்கரசி பைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார். வேணுகோபாலின் ஸ்டூலில் ஒரு பெரியவர். மனைவி புடவை எடுக்கும்வரை உட்காரலாம் என்று வந்தவர், கம்பத்தில் நன்றாகச் சாய்ந்திருந்தார். தலை தொங்கியது. இரண்டு பெண்கள் அவரை நிமிர்த்திப் பிடித்து, மறுபடி கம்பத்திலேயே சாய்த்து, சோடா கொடுக்கப் பார்த்தார்கள். ஒரு விநாடி கண் திறந்தது. ஏதோ சொல்ல வந்தார். மறுபடி தலை விழுந்தது. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள்.

வேணுகோபால் பின்வாங்கி நின்றார். அந்த இடம் ஆளைக் கேட்கிறது என்று தெலுங்கில் முணுமுணுத்தது ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போய்க் கூட்டம் விலகியது. பிடித்திருந்த பெண்களும் கையை எடுத்தார்கள். அவ்வளவு நெருக்கடியில் அந்தக் கம்பங்களைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியானது. நடுவில் பெரியவர். முகம் சாம்பல் நிறம்.

மாடிப்படியில் ஓடிவந்த அம்மாள் தமிழில் கதறினார். “அவருக்கு நெஞ்சுல மிஷின் வெச்சிருக்கு. யாராவது டாக்டரக் கூப்பிடுங்களேன்.”

மங்கையர்க்கரசிக்கு அப்போது தோன்றிய முதல் எண்ணம், நான் அப்போதே சொல்லியிருக்கலாம் என்பது. கம்பத்தை அணைக்கச் சொல்லிக் கத்தினார். சுவிட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபாத்திமா கூட்டத்தில் நின்றிருந்தார். “ஃபாத்திமா, கால நீ புடி,” என்றபடி மங்கையர்க்கரசி வட்டத்துக்குள் போனார்.

பெரியவர் கனமான மனிதர். அக்குளில் கை கொடுத்து ஸ்டூலிலிருந்து இறக்க, கம்பத்தோடு நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. ஃபாத்திமா கால்களைத் தூக்கினார். தரையில் இறக்கினார்கள். இரண்டு அடி இழுத்தார்கள். கடையின் இரைச்சல் தள்ளிப் போவது மங்கையர்க்கரசிக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு அடி. தன் கைகள் பெரியவரின் தோளைப் பிடித்திருப்பது தெரிந்தது. பிடித்திருக்கும் உணர்வு இல்லை. வேணுகோபாலை ஃபாத்திமா ஏதோ திட்டியதும், அவர் ஓடிவந்து பெரியவரைப் பிடித்ததும் சினிமாத் திரையில் நடப்பது போல் இருந்தது. அவர்கள் பெரியவரை இழுத்துக்கொண்டு போனார்கள். மங்கையர்க்கரசி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் கம்பங்களுக்கு நடுவே.

அங்கே இருட்டு இல்லை, வலி இல்லை. சத்தம் இல்லை. எண்ணிக்கொண்டே இருக்கும் அந்த ஆளும் இல்லை. நான்கு வருடத்தில் முதல்முறையாக உள்ளே யாருமில்லாமல் இருந்தது. பயப்பட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லையாம். அதை நினைத்துத்தான் பிறகு பல நாள் தூக்கம் கெட்டது.

ஃபாத்திமா திரும்பி வந்து, புடவைத் தலைப்பையும் கையையும் சேர்த்துப் பிடித்து அவரைத் தரையோடு இழுத்தார். கடைத் தரை வழவழப்பு. அதனால் சுலபமாக வந்தார். நெஞ்சில் இடி விழுந்தது. கூரையில் விளக்குகள் தெரிந்தன. பக்கத்தில் பெரியவர் மல்லாந்து படுத்து, தன் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் லலிதாம்பாள். கணவர் துரைராஜ், ராணுவக் கணக்கு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்படிம்மா உனக்குத் தெரிந்தது என்று லலிதாம்பாள் கேட்டார். சுற்றி வினய் உட்பட எல்லோரும் நின்றிருந்தார்கள். மங்கையர்க்கரசி ரவிக்கையின் கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தழும்பைக் காட்டினார்.

“எனக்கும் இருக்கும்மா.”

மறுநாள் வினய் கூப்பிட்டனுப்பினார். கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனார். வினயின் முகத்தில் பயம்தான் இருந்தது. அவர் எப்போதும் இந்தியில்தான் பேசுவார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். கேட்டபோது சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பீர்களா என்று இவர் திருப்பிக் கேட்டார். வினய் யோசித்துவிட்டு, மாட்டேன் என்றார். அந்த நேர்மைக்காக அவரை மங்கையர்க்கரசி இன்றுவரை மதிக்கிறார். ஆனால் தன் பங்கையும் இவர் மறைக்கவில்லை. கம்பம் என்ன செய்யும் என்று தெரிந்தும் ஐந்து மாதம் வாயை மூடியிருந்ததாகவும், அந்தப் பெரியவர் போயிருந்தால் அது தன் தலையில்தான் என்றும் சொன்னார்.

ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த மாதத்தில் கம்பங்களின் பக்கத்தில் ஸ்டூல், நாற்காலி எதுவும் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் நிற்காமல் கடந்து செல்லவும், சாயவேண்டாம் என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் உருதுவிலும் ஒரு போர்டு வைத்தார்கள். பிறகு மங்கையர்க்கரசியை இரண்டாம் மாடிப் புடவைப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். வேணுகோபால் மட்டும் போர்டை நம்பவில்லை. அப்படியானால் முதலில் இருந்த பெண்ணுக்கு எந்த மிஷின் இருந்தது என்று கேட்பார்.

தீபாவளிக்கு லலிதாம்பாள் அவரை வீட்டுக்கு அழைத்தார். திருமுல்கேரியிலேயே, சர்ச்சுக்குப் பின்னால் வீடு. இனிப்பு எடுத்துவர அவர் உள்ளே போனதும் துரைராஜ் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னைக்கு நீங்களும் உள்ள உக்காந்துட்டீங்கன்னு சொன்னாங்க.”

“ஹவ் சார், உக்காந்துட்டேன்.”

“அங்க ஏதாவது இருந்துச்சா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“எனக்கும் ஒண்ணும் இல்ல,” என்றார் துரைராஜ். “இவ தினமும் கேக்குறா. சாமி தெரிஞ்சுதா, அம்மா அப்பா தெரிஞ்சாங்களான்னு. வெளிச்சமா ஏதோ தெரிஞ்சுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க.”

சரி என்றார் மங்கையர்க்கரசி. லலிதாம்பாள் இனிப்போடு வந்து கேட்டபோது அப்படியே சொன்னார். அந்த வீட்டில் அவர் சொன்ன ஒரே பொய் அது என்றும், கடையில் சொன்னதைவிட அது கனமாக இருந்தது என்றும் என்னிடம் சொன்னார். துரைராஜ் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார், போனது நிமோனியாவில்.

2013இல் பாட்டரி தீரும் நேரம் வந்தது. பெட்டியையும் ஒயரையும் சேர்த்தே மாற்றினார்கள். அந்த இடம் மரத்துப்போக ஊசி மட்டும் போட்டிருந்ததால் அவர் விழித்தே இருந்தார். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை இணைக்கும்போது சில விநாடி தலை சுற்றலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். மங்கையர்க்கரசி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இந்தப் புது ஒயரில் வெளியிலிருந்து வரும் அலை அவ்வளவாக ஏறாது என்று சொல்லியிருக்கிறார்கள். சாஹித்யா இப்போது மாதாப்பூரில் வேலை பார்க்கிறாள். சம்பளம் வந்ததும் அம்மாவை மாலுக்குக் கூட்டிப்போவாள். வாசலில் கம்பங்களைக் கண்டதும் மகளின் கையை விட்டுவிட்டு, நடுவாக, நிற்காமல், அக்கம்பக்கம் பார்க்காமல் நடந்து போய்விடுகிறார் மங்கையர்க்கரசி. சாஹித்யா பின்னாலேயே ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வாள்.